கூட்டுக் கிடங்குக்குப் புத்தகம் அனுப்பப் போகிறீர்களா? லாரியைக் கடைசியில் கூப்பிடுங்கள்

நூலகத்தில் அடுக்குகள் நிரம்பிவிட்டன. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் வெளிக்கிடங்கில் இடம் கிடைத்திருக்கிறது. அதிகம் யாரும் எடுக்காத புத்தகங்களைப் பிரித்து அங்கே அனுப்பும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அப்படி மாட்டிக்கொண்டவருக்கானது. இந்த வேலையை ஒருமுறை முழுதாகச் செய்து முடித்த அனுபவத்தில் எழுதுகிறேன். அப்போது கைக்குக் கிடைத்த விவரங்களெல்லாம் கிடங்கு எவ்வளவு உயரம், எவ்வளவு குளிர் என்றுதான் பேசின. நம் பக்கம் மேஜையில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். இத்தகைய கிடங்குகளில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை, உயரம் பார்த்து அடுக்குகிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1986இல் திறந்த கிடங்கின் முறையைத்தான் இன்று பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள்: ஒரே அளவுள்ள புத்தகங்கள் ஓர் அட்டை டிரேயில், டிரேக்கள் ஏறத்தாழ 9 மீட்டர் உயர அடுக்கில், ஆளைத் தூக்கிச் செல்லும் வண்டியில் ஏறிப்போய் எடுக்க வேண்டும். இயற்பியல் புத்தகத்துக்குப் பக்கத்தில் இசைப் புத்தகம் இருக்கும். நம் நூலகத்தில் கேட்டலாக் பதிவு தப்பாக இருந்தாலும் அடுக்குப் பக்கம் போய்த் துழாவினால் புத்தகம் கிடைத்துவிடும். அங்கே துழாவ முடியாது. பார்கோடும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். கீழே நான் சொல்லும் வரிசை முழுக்க இதை வைத்துத்தான்.

1. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

கிடங்கைச் சுற்றிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. போகலாம், ஆனால் அதற்கு முன் ஒப்பந்தத்தின் நகலை வாங்குங்கள். முதலில் தேட வேண்டியது, அனுப்பிய பிறகு புத்தகம் யாருடையது என்பது.

இதற்கு ஒரே விடை கிடையாது. பின்லாந்தின் குவோபியோ நகரில் உள்ள தேசியச் சேமிப்பு நூலகத்துக்குப் பிற நூலகங்கள் புத்தகத்தைக் கொடுத்தால், கொடுத்ததுதான். அது சேமிப்பு நூலகத்தின் சொத்தாகிவிடும். அமெரிக்காவில் கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் நியூயார்க் பொது நூலகமும் சேர்ந்து நடத்தும் ரீகேப் கிடங்கில் வழி வேறு. 2019இல் ஹார்வர்டும் அதில் பங்காளியானது. அங்கே புத்தகம் அவரவருடையதாகவே இருக்கிறது. ஆனால் பொதுவில் விட்ட பகுதியை எந்தப் பங்காளியின் வாசகரும் கேட்டு வாங்கலாம். உங்கள் ஒப்பந்தம் இவற்றில் எந்த வகை என்று ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால், அது தெளிவாகும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது, இரட்டைப் பிரதி. வேறொரு பங்காளி அதே புத்தகத்தை ஏற்கெனவே வைத்திருந்தால் உங்களுடையதை ஏற்பார்களா, திருப்பி அனுப்புவார்களா, கழிக்கச் சொல்வார்களா? கழித்த பிறகு மிஞ்சும் பிரதியை எத்தனை ஆண்டு காப்பதாக அவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்? அமெரிக்காவின் நூலகக் கூட்டமைப்புகளில் ஈஸ்ட் 15 ஆண்டு என்றும், வெஸ்ட் 25 ஆண்டு என்றும் இதை எழுத்தில் வைத்திருக்கின்றன. பிரிட்டனில் ஆய்விதழ்களுக்காக நடந்த கூட்டுத் திட்டத்தில், நாட்டில் மூன்று பிரதிகளாவது பத்திரமாக இருந்தால்தான் மற்ற நூலகங்கள் தங்களுடையதைக் கழிக்கலாம் என்று விதி. ஆண்டும் பிரதிக் கணக்கும் எழுத்தில் இல்லாத "காப்போம்" என்ற சொல்லை நம்பி ஒரு பிரதியைக்கூடக் கழிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தோடு சேர்த்து இந்த ஆவணங்களையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்:

- நன்கொடையாக வந்த சேகரிப்புகளின் கடிதங்கள். "இந்த நூலகக் கட்டடத்திலேயே தனி அறையில் இருக்க வேண்டும்" என்று கொடையாளர் எழுதியிருக்கலாம். அதைப் பார்க்காமல் அனுப்பினால் குடும்பத்தாருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.
- சொத்துப் பதிவேடு தொடர்பான ஒப்புதல். உடைமை கைமாறும் திட்டம் என்றால் தணிக்கையாளர் கேட்பார். இடம் மட்டும் மாறினாலும் ஒரு உத்தரவு நகல் வேண்டும்.
- காப்பீடு. வண்டியில் போகும்போது யார் பொறுப்பு, கிடங்கில் இருக்கும்போது யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் இருவேறு தாள்களில் இருக்கும்.

2. எதை அனுப்புவது

எல்லோரும் முதலில் எடுப்பது இரவல் கணக்கு: பத்தாண்டாக வெளியே போகாத புத்தகங்களின் பட்டியல். ஆரம்பிக்க அது சரி. அதோடு நிறுத்தினால் தப்பு.

நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்துவிட்டு மேஜையில் வைத்துப்போன புத்தகம் இரவல் கணக்கில் வராது. இரவலே தராத ஆய்விதழ்களும் அகராதிகளும் அந்தக் கணக்கில் எப்போதும் பூச்சியம்தான். மென்பொருளை மாற்றிய நூலகமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: பழைய மென்பொருளில் இருந்த இரவல் வரலாறு புதியதற்கு வந்து சேர்ந்திருக்காது. அப்போது எல்லாப் புத்தகங்களும் யாரும் தொடாதவை மாதிரியே தெரியும். பட்டியல் எடுக்கும் முன், கணக்கு எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர் குறைவான மொழிகளின் புத்தகங்கள் இந்தக் கணக்கில் அநியாயமாக அடிபடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்ப் புத்தகங்களை எடுப்பவர் மூன்று பேர் என்றால், சேகரிப்பு மொத்தமும் பயன்படாததாகக் காட்டும். அந்த மூன்று பேருக்கு அதுதான் ஆய்வே. அப்படிப்பட்ட சேகரிப்பைத் தனியாக எடுத்து, அந்தத் துறையினரோடு பேசி முடிவெடுங்கள்.

என்னைக் கேட்டால், பைண்டு செய்த ஆய்விதழ்களில் தொடங்குங்கள். நம்பகமான இணையக் காப்பகத்தில் முழுதாக இருக்கும் இதழ் என்றால் இன்னும் நல்லது. ஒரே ஒரு முடிவில் பல மீட்டர் அடுக்கு காலியாகும். புத்தகங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருக்கும். இதழை வெட்டும்போது ஓர் ஆண்டைக் குறித்து, அதற்கு முந்தியது எல்லாம் அங்கே, பிந்தியது இங்கே என்று வையுங்கள். நடுவில் இரண்டு தொகுதி இங்கே தங்கினால் எப்போதும் குழப்பம்தான். பல பாகங்கள் கொண்ட நூலையும் பிரிக்கக் கூடாது.

சிலவற்றை அனுப்பவே கூடாது. பூஞ்சை பிடித்தது, ஈரமானது, பூச்சி அரித்தது ஆகியவற்றைக் கிடங்கு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். காடி வாசனை அடிக்கும் பழைய அசிடேட் மைக்ரோஃபிலிமும் அப்படித்தான். அதிலிருந்து வரும் ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல சுருளையும் கெடுக்கும். நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கக்கூடியது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

3. பதிவுகளைச் சரிசெய்யுங்கள்: நேரம் முழுக்க இங்கேதான் போகும்

மொத்தத் திட்டத்துக்கு உங்களுக்குக் கொடுத்திருக்கும் காலத்தில் பாதிக்கு மேல் இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். மேலிடம் ஒத்துக்கொள்ளாது. வாதாடுங்கள்.

முதல் வேலை, பட்டியலோடு அடுக்குக்குப் போய் ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து ஸ்கேன் செய்வது. கணினியில் உட்கார்ந்தபடி பட்டியலைச் சரிபார்ப்பது இதற்கு ஈடாகாது. ஸ்கேன் செய்ததும் மூன்று வகை பிரியும்: பதிவும் புத்தகமும் ஒத்துப்போவது, புத்தகம் இருந்து பதிவு இல்லாதது, பதிவு இருந்து புத்தகம் காணாதது. முதல் வகை மட்டும்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். மற்ற இரண்டுக்கும் தனி அடுக்கு, தனி ஆள். "போகிற வழியில் சரிசெய்துகொள்ளலாம்" என்பது இந்த வேலையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பார்கோடு எண்களில் ஒளிந்திருக்கும் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. பல நூலகங்கள் அக்ஸஷன் எண்ணையே (புத்தகம் வந்ததும் பதிவேட்டில் இடும் வரிசை எண்) பார்கோடாக அச்சிட்டு ஒட்டியிருக்கும். உங்களிடம் 12345 என்று ஒரு புத்தகம் இருந்தால், பங்காளி நூலகத்திலும் 12345 இருக்கும். தனியாக இருந்தவரை தொந்தரவில்லை. ஒரே கிடங்கில் இரண்டும் சந்தித்தால் மென்பொருள் ஒன்றை மறுக்கும், அல்லது ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதிவிடும். நூலகத்துக்கான முன்னெண் சேர்த்துப் புது பார்கோடு ஒட்டச் செலவாகும்தான், ஆனால் வேறு வழியில்லை. அமெரிக்க நூலகங்களில் வழக்கமான 14 இலக்க எண்ணில் இந்தச் சிக்கல் குறைவு. அதில் முதல் இலக்கம் 3 என்றால் புத்தகம், 2 என்றால் வாசகர் அட்டை; அடுத்த இலக்கங்கள் நூலகத்தைக் குறிக்கும்; கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. கையால் தட்டச்சு செய்து தவறிய எண்களை அந்தக் கடைசி இலக்கத்தை வைத்து மொத்தமாகச் சலித்து எடுக்கலாம்.

பழைய பார்கோடு மேல் புதியது ஒட்டிய புத்தகங்களைத் தேடிப் பிடியுங்கள். உள்ளட்டையில் ஒன்று, வெளியட்டையில் ஒன்று என இரண்டு இருந்தால் கிடங்கு ஊழியர் எதை ஸ்கேன் செய்வார் என்று சொல்ல முடியாது. வேண்டாததை மார்க்கரால் அடித்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரே பைண்டிங்குக்குள் பல நூல்கள். அந்தக் காலத்தில் சிறு பிரசுரங்கள் ஐந்தாறைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். கேட்டலாகில் முதல் பிரசுரம் மட்டும் பார்கோடோடு இணைந்திருக்கும், மற்றவை அனாதை. கிடங்குக்குப் போன பிறகு நான்காவது பிரசுரத்தை ஒருவர் கேட்டால் அதற்கு இடமே காட்டாது. எல்லாப் பதிவுகளையும் அந்த ஒரே பார்கோடோடு இணைத்த பிறகே அனுப்புங்கள்.

இதழ்களுக்குத் தொகுதிவாரியாகப் பதிவு வேண்டும். ஒரு தொகுதியில் "தொ. 12", இன்னொன்றில் "12வது", மூன்றாவதில் வெறும் "1974" என்று இருந்தால் வரிசை கலைந்துபோகும். தொகுதி எண்ணும் ஆண்டும் ஒரே வடிவத்தில் இருக்கட்டும். வாசகர் பெரும்பாலும் ஆண்டைச் சொல்லித்தான் கேட்பார்.

அப்புறம், ஒல்லியான பதிவுகள். தலைப்பு "அறிக்கை", ஆசிரியர் காலி, பொருள் காலி. திறந்த அடுக்கில் அது பக்கத்துப் புத்தகங்களின் தயவில் பிழைத்திருக்கும்: அந்த வரிசையைப் பார்க்க வந்தவர் இதையும் புரட்டியிருப்பார். கிடங்கில் அந்தத் தயவு இல்லை. எந்த நிறுவனத்தின் அறிக்கை, எந்த ஆண்டு, எதைப் பற்றி என்ற மூன்றையாவது சேருங்கள். தமிழ் நூல்களுக்கு இது இரட்டை வேலை. ரோமன் எழுத்தில் மட்டும் தலைப்பு இருந்தால், அடிக்கோடு, புள்ளி வைத்த எழுத்துகளை நினைவில் வைத்து யார் தட்டச்சு செய்வார்? நூலகங்கள் கேட்டலாக் பதிவுகளைக் கணினியில் எழுதும் மார்க் வடிவத்தில், 880 என்ற எண்ணிட்ட புலம் (தகவலை நிரப்பும் இடம்) இதற்காகவே இருக்கிறது. தமிழ் எழுத்திலேயே தலைப்பையும் ஆசிரியரையும் அதில் சேர்க்கலாம்.

காப்பதாக ஒப்புக்கொண்ட பிரதிகளுக்கு அதே மார்க் வடிவத்தின் 583 புலத்தில் அந்த உறுதியை, எந்த ஆண்டு வரை என்பதோடு பதியுங்கள். பத்தாண்டு கழித்து உங்கள் நாற்காலியில் உட்கார்பவருக்கு ஒப்பந்தக் கோப்பு கிடைக்காமல் போகலாம், ஆனால் கேட்டலாக் கண்ணில் படும்.

4. ஆசிரியர்களிடம் சொல்லுங்கள்

பட்டியலை முன்கூட்டியே துறைகளுக்கு அனுப்பி, ஒரு கெடு வைத்து, "இது இங்கேயே இருக்கட்டும்" என்று குறிக்க எளிய படிவம் கொடுங்கள். காரணம் எழுதச் சொல்லாதீர்கள். காரணம் கேட்டால் கட்டுரை வரும், பிறகு கூட்டம் நடக்கும். கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்தாலும் மொத்தத்தில் பெரிய குறைவு வராது. விஷயம் வதந்தியாகப் போய்ச் சேர்ந்தால்தான் எதிர்ப்பு பலமாக வரும்.

5. புத்தகங்களைத் தயார்செய்தல்

தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். துணியால் தட்டினால் அறையெல்லாம் பரவும். அட்டை கழன்றவற்றைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்டு சில ஆண்டில் உருகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே செருகிய துண்டுச் சீட்டு, ஒட்டுத்தாள், கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பொடியாக உதிரும் தாள் என்றால் அமிலமற்ற உறையில் போடுங்கள்.

பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் உறையில் அடைத்து மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமாவது வைப்பது வழக்கம். பூச்சி சாகும். பூஞ்சை சாகாது, வித்துகள் தூங்கிக் கிடந்து ஈரம் பட்டதும் எழும். அதனால் பூஞ்சை உள்ளதை உறைய வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக அனுப்பிவிடாதீர்கள்.

பார்கோடு எந்த மூலையில் வேண்டும் என்று கிடங்கிடம் கேட்டு ஒரு மாதிரிப் படம் வாங்குங்கள். அளவுவாரியாகப் பிரிப்பதைப் பெரும்பாலும் அவர்களே செய்வார்கள். அவர்கள் கேட்காமல் நீங்கள் பிரித்தால் இரட்டை உழைப்பு.

6. செலவு எங்கெங்கே வரும்

திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க எல்லோரும் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, திறந்த அடுக்கில் ஒரு புத்தகத்தை வைத்திருக்க ஆண்டுக்கு 4.26 டாலர், அடர்த்தியான கிடங்கில் 0.86 டாலர் என்று மதிப்பிட்டது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கட்டடத்தின் விலையும் பராமரிப்பும். அதாவது மிச்சமாகும் பணம் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கணக்கில் மிச்சமாகும். கிடங்குக் கட்டணம் நூலகத்தின் பட்ஜெட்டில் புதிதாக வரும். "மிச்சம்தானே" என்று நூலக நிதியைக் குறைத்துவிட்டால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். எந்தக் கணக்கிலிருந்து யார் கட்டுவது என்பதை முதல் ஆண்டே எழுதி வாங்குங்கள்.

கட்டண அட்டவணையில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: புத்தகத்தை உள்ளே சேர்க்கும் கட்டணம், ஆண்டு வாடகை, எடுத்துத் தரும் கட்டணம், அவசரக் கட்டணம், ஸ்கேன் செய்து அனுப்பும் கட்டணம், நிரந்தரமாகத் திரும்ப எடுக்கும் கட்டணம். கடைசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒரு புத்தகத்தை நிரந்தரமாக எடுத்தால் டிரேயில் ஓட்டை விழும். அதே அளவுள்ள வேறொன்றைத் தேடி நிரப்ப வேண்டும். அதனால் சில இடங்களில் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். தேர்வில் அவசரப்பட்டால் அந்தப் பணம் இங்கேதான் போகும்.

வாடகை எண்ணிக்கைக்கா, அடுக்கு நீளத்துக்கா என்பதும் முக்கியம். மெல்லிய பிரசுரங்கள் அதிகம் இருந்தால் நீளக்கணக்கு உங்களுக்கு லாபம். தடித்த இதழ்த் தொகுதிகள் அதிகம் என்றால் எண்ணிக்கைக் கணக்கு லாபம்.

அட்டவணையில் வராத பெரிய செலவு ஆள்நேரம். மூன்றாவது படியின் வேலையைத் தற்காலிக ஊழியரிடம் கொடுக்கலாம், ஆனால் பக்கத்திலேயே கேட்டலாக் தெரிந்த ஒருவர் நாள் முழுதும் இருக்க வேண்டும்.

7. ஏற்றி அனுப்புதல்

முதலில் சிறிய தொகுப்பு ஒன்றை மட்டும் அனுப்புங்கள். அதில் இதழ், புத்தகம், பல நூல் சேர்ந்த பைண்டிங், பெரிய அளவுப் படநூல் எல்லாம் கலந்து இருக்கட்டும். உள்ளே சேர்ந்ததும் சிலவற்றைச் சாதாரண வாசகர் போலக் கேட்டுப் பாருங்கள். சரியானது, சரியான நாளில் வந்ததா? வந்த பிறகே மீதியை ஏற்றுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லி எங்களுக்கும் அழுத்தம் வந்தது, லாரி ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்பதுதான் காரணம். தலைப்பில் லாரியைக் கடைசியில் கூப்பிடச் சொன்னது அதற்காகத்தான்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பார்கோடு பட்டியல் ஒன்று வேண்டும். ஏற்றும்போது ஸ்கேன், இறக்கும்போது ஸ்கேன், இரண்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்து. பெட்டி எண்ணிக்கையை மட்டும் எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட்டலாகில் இடத்தை மாற்றும் நேரத்தைக் கவனியுங்கள். வண்டி கிளம்பும் அன்று "இடமாற்றத்தில்" என்று மாற்றுங்கள். டிரேயில் சேர்ந்து, டிரே அடுக்கில் ஏறிய தகவல் வந்த பிறகே "கிடங்கு" என்று மாற்றுங்கள். முன்கூட்டியே மாற்றினால் வாசகர் கேட்பார், கிடங்கு "எங்களிடம் இல்லை" என்று பதில் அனுப்பும், புத்தகம் அட்டைப்பெட்டியில் இருக்கும். இந்த இடைவெளியில் யாராலும் புத்தகத்தைத் தர முடியாது என்பதால், ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஹார்வர்டு மாதிரிக் கிடங்குகள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ், 35 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும். வெப்பநிலை ஐந்து டிகிரி குறைந்தால் தாளின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காப்பகத் துறையில் வழங்கும் கணக்கு. ஆனால் குளிரிலிருந்து எடுத்த புத்தகத்தை வெக்கையான, ஈரமான அறையில் உடனே திறந்தால் மேலே நீர் கோக்கும். திரும்பி வரும் பெட்டிகளை மூடியபடியே சில மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்கச் சொல்லி, வாசலில் பெட்டியை வாங்குபவருக்கும் சொல்லிவையுங்கள்.

8. வாசகர் கேட்கும் வழி

கேட்டலாகில் "கிடங்கு" என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் கிடைக்காது என்று நினைத்துப் போய்விடுவார்கள். பக்கத்திலேயே கேட்கும் பொத்தானும், எப்போது வரும் என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரியில் நேர்மையாக இருங்கள். "அடுத்த வேலைநாள்" என்பது பெரும்பாலும் குறிப்பிட்ட மணிக்குள் கேட்டால்தான். அது தாண்டினாலோ வாரக் கடைசி வந்தாலோ நாள் தள்ளிப்போகும். அந்த மணியையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு கட்டுரையோ ஒரு அத்தியாயமோ போதும் என்றால் ஸ்கேன் செய்து அனுப்பும் வசதியை முன்னே காட்டுங்கள். வாசகருக்கு வேகம், தொகுதிக்கும் பயணத் தேய்மானம் இல்லை. காப்புரிமை வரம்பு எவ்வளவு பக்கம் என்பதைப் படிவத்திலேயே போட்டுவிட்டால் பின்னால் கடிதப் போக்குவரத்து குறையும். எந்தத் தொகுதியில் இருக்கிறது என்றே தெரியாமல் தேடுபவருக்கு இது உதவாது. அவருக்கு நான்கைந்து தொகுதிகளை ஒன்றாக வரவழைத்துக் கொடுத்து, சில வாரம் மேஜையில் வைத்துக்கொள்ள விடுங்கள்.

கிடங்கிலிருந்து மாதாமாதம் வரும் "கேட்டது கிடைக்கவில்லை" பட்டியலை ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள். அதோடு எடுத்துத் தந்த கட்டணங்களையும் பில்லில் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரே தலைப்பு திரும்பத் திரும்பப் போய் வந்துகொண்டிருந்தால், நிரந்தரமாக எடுக்கும் கட்டணத்தைக் கட்டி அதை நூலகத்துக்கே கொண்டுவந்துவிடுவது மலிவு.